ஜானகி அம்மாளின் கதையை 1967இல் நிறுத்திவிடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மகளிர் தினத்தையொட்டி மதுரையின் பெண் தலைவர்களைப் பற்றி நீங்கள் வெளியிட்ட பக்கத்தைப் படித்தேன். கே.பி. ஜானகி அம்மாளுக்கு அதில் இடம் கொடுத்ததற்கு நன்றி, பல பேர் அதைக்கூடச் செய்வதில்லை. ஆனால் அந்தக் குறிப்பை நீங்களே ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள். நாடக நடிகை, விடுதலைப் போராட்டத்தில் சிறை, 1967இல் மதுரை கிழக்குத் தொகுதி சட்டமன்ற உறுப்பினர், 1992இல் மறைவு. அவ்வளவுதான். 1967க்கும் 1992க்கும் நடுவில் இருபத்தைந்து வருஷம் கிடக்கிறது. அதில் அவர் சட்டமன்றத்தில் இருந்தது நாலு வருஷத்துக்கும் கொஞ்சம் குறைவு, ஏனென்றால் அந்தச் சபை 1971 ஜனவரியிலேயே கலைக்கப்பட்டுவிட்டது. மிச்ச இருபத்தொரு வருஷம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு வரி இல்லை.

இதை உங்கள் பத்திரிகை மட்டும் செய்வதாகச் சொல்லவில்லை. அரசியல்வாதி என்றால் எங்கே நின்றார், எத்தனை ஓட்டில் ஜெயித்தார், எப்போது தோற்றார், என்ன பதவி என்று எழுதித்தான் நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம். பதவி போன அன்றைக்கே ஆளும் போய்விட்டதாகக் கணக்கு. என்னைக் கேட்டால் ஜானகி அம்மாள் செய்த காரியங்களிலேயே பெரியது அந்தப் பதவி போன பிறகு செய்ததுதான், ஜனநாயக மாதர் சங்கத்தை மற்றவர்களோடு சேர்ந்து கட்டியதுதான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1917இல் மதுரையில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்து பாட்டியிடம் வளர்ந்தார், பன்னிரண்டு வயதுவாக்கில் பழனியப்பா பிள்ளை பாய்ஸ் கம்பெனி என்ற நாடகக் குழுவில் சேர்ந்தார். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கிய ஊர் இது, பாடத் தெரிந்த பிள்ளைக்கு அன்றைய மதுரையில் வேலை இருந்தது. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி விடிய விடியப் பாட வேண்டும், எதிரே நிற்கிற நடிகர் திடீரென்று ஒரு கேள்வி போட்டால் அங்கேயே அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அரசியல் மேடையில் பெண் ஏறுவதே அபூர்வமாக இருந்த நாளில் இவர் கூட்டத்தைக் கட்டிப்போட்டார் என்றால் அந்தப் பயிற்சிக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

நாடகக் காலத்திலிருந்து ஒரு விஷயத்தை மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும். தேசபக்தப் பாடல்களுக்காகவே போலீஸ் துரத்திய நடிகர் எஸ்.எஸ். விசுவநாததாஸ், திருமங்கலத்தில் வாழ்ந்தவர், 1940 டிசம்பர் 31ஆம் தேதி சென்னையில் மயில் மேல் உட்கார்ந்து முருகன் வேஷத்தில் பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் விட்டவர். அவர் முடிதிருத்தும் தொழில் செய்த மருத்துவர் சாதியில் பிறந்தவர் என்பதால் அவரோடு ஜோடியாக நடிக்க மற்ற நடிகைகள் மறுத்தார்கள். ஜானகி அம்மாள் நடித்தார். கட்சி உறுப்பினர் சீட்டு கைக்கு வருவதற்கு முன்னாலேயே அவருடைய அரசியல் தொடங்கிவிட்டது என்று நான் சொல்வது இதனால்தான்.

1936இல் காங்கிரஸில் சேர்ந்தார், அங்கே சோஷலிஸ்டுகளோடு இருந்தார், 1940இல் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்தார். உலகப் போருக்கு எதிராகப் பேசியதற்காக இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானார். தென்னிந்தியாவில் அந்தச் சட்டத்தில் பிடிபட்ட முதல் பெண் அவர்தான் என்று சொல்வார்கள். மதுரையை அடுத்த துவரிமானில் குத்தகை விவசாயிகள் போராடியபோது அவர்களோடு நின்றார். நாடகத்தில் சம்பாதித்த நகை, பட்டுச்சேலை, வீடு எல்லாவற்றையும் விற்றுக் கட்சிக்குக் கொடுத்தார். இதெல்லாம் ஓரளவுக்கு எழுதப்பட்டிருக்கிறது, அதனால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

1967 தேர்தலும் சும்மா கிடைத்த வெற்றி இல்லை. அதற்கு முன்பே மதுரை இடதுசாரிகளுக்குக் கொஞ்சம் வேர் பிடித்த ஊர். 1952இல் பி. ராமமூர்த்தி சிறைக்குள் இருந்தபடியே மதுரை வடக்கில் ஜெயித்தார், 1957இல் கே.டி.கே. தங்கமணி மதுரையிலிருந்து நாடாளுமன்றம் போனார். 1967இல் தி.மு.க. கூட்டணியில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தமிழ்நாடு முழுவதும் பதினோரு சட்டமன்ற இடம் கிடைத்தது. அதில் மதுரை கிழக்கு ஜானகி அம்மாள், மதுரை மேற்கு என். சங்கரய்யா, நாடாளுமன்றத்துக்குப் பி. ராமமூர்த்தி. அரிசிப் பஞ்சத்திலிருந்து மக்கள் அப்போதுதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷக் காங்கிரஸ் ஆட்சி போய் அண்ணா முதல்வரானார், எல்லாம் மாறிவிடும் என்று ஜனங்கள் நம்பினார்கள். அடுத்த வருஷமே, 1968 டிசம்பர் 25ஆம் தேதி ராத்திரி, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த நாற்பத்துநாலு பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதில் அதிகம். ஆட்சி மாறினால் மட்டும் போதாது என்பதை அந்த ஒரு ராத்திரி காட்டிவிட்டது.

1971 தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சி தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதியில்கூட ஜெயிக்கவில்லை. ஜானகி அம்மாளுக்கு அப்போது வயது ஐம்பத்துநாலு. சொத்து இல்லை, பதவி இல்லை. சிறைவாசமும் தலைமறைவு வாழ்க்கையும் உடம்பைத் தின்றிருக்கும். தியாகி என்ற மரியாதையோடு வீட்டில் உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் விலைவாசி ஏறிக்கொண்டே போனது. ரேஷன் கடையிலும் மண்ணெண்ணெய்க் கடையிலும் வரிசையில் நின்றது முக்கால்வாசியும் பெண்கள். அந்த வரிசையில் நின்ற பெண்களுக்கென்று ஒரு அமைப்பு வேண்டும் என்று புறப்பட்டவர்களில் இவர் ஒருவர். பாப்பா உமாநாத், மைதிலி சிவராமன், இன்னும் பல பேர் கூட இருந்தார்கள்.

இந்த மூன்று பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜானகி அம்மாள் நாடக மேடையிலிருந்து வந்தவர். பாப்பா உமாநாத் திருச்சி பொன்மலை ரயில்வே தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவர். அவருடைய தாயார் சிறையில் உண்ணாவிரதம் இருந்து இறந்தபோது, கட்சியை விட்டு விலகுவதாக எழுதிக்கொடுத்தால் உடலைப் பார்க்க விடுகிறோம் என்றார்கள், அதே சிறையில் இருந்த மகள் எழுதிக்கொடுக்கவில்லை. மைதிலி சிவராமன் அமெரிக்காவில் படித்து ஐக்கிய நாடுகள் சபையில் வேலை பார்த்துவிட்டு 1968இல் ஊர் திரும்பி வெண்மணியைப் பற்றி ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதியவர். இப்படி ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வாழ்க்கைகளிலிருந்து வந்தவர்கள் ஒரே பாயில் உட்கார்ந்து சங்கம் கட்டியிருக்கிறார்கள். கட்டிய கொஞ்ச நாளிலேயே நெருக்கடி நிலை வந்தது, 1976 ஜனவரி 31ஆம் தேதி தமிழ்நாட்டில் ஆட்சியும் கலைக்கப்பட்டது, கூட்டம் போடுவதே குற்றம் என்ற நிலைமை. அதையும் தாண்டி 1981 மார்ச்சில் சென்னையில் மாநாடு கூடி அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் உருவானது. நாடு முழுவதற்குமான ஒரு பெண்கள் அமைப்பு உருவானதில் மதுரைக்காரர் ஒருவருக்கு இத்தனை பங்கு இருக்கிறது, அதை மதுரைப் பத்திரிகை எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்?

சங்கம் என்றால் என்ன செய்யும் என்று இளம் வயதுக்காரர்கள் கேட்கிறார்கள். ஊர்வலம், கோஷம், கைது, இவ்வளவுதான் அவர்கள் கண்ணில் படுகிறது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் செல்லூர்க்காரி, ஒரு கூட்டுறவு நெசவாளர் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவள். எண்பதுகளில் எங்கள் தெருவில் மாதர் சங்கக் கிளை ஒன்று இருந்தது. என் அம்மா அதில் சேர்ந்தது மண்ணெண்ணெய்க்காக. அரசியல் என்ற சொல்லே அம்மாவுக்குப் பிடிக்காது. மதியச் சாப்பாடு முடிந்து தறிச் சத்தம் கொஞ்சம் ஓய்கிற நேரத்தில் யாராவது ஒரு வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள், ஒவ்வொருவரும் தன் கஷ்டத்தைச் சொல்வார்கள். கடையில் ஸ்டாக் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டுக் கார்டில் மட்டும் போட்டதாக எழுதியிருப்பான், குழாயில் தண்ணீர் நடுராத்திரியில் வரும், அதையும் மோட்டார் வைத்திருக்கிற வீடு உறிஞ்சிவிடும், கூலி வாங்கின அன்றைக்கே புருஷன் சாராயக் கடையில் கொடுத்துவிட்டு வருவான். எனக்கு எழுத வரும் என்பதால் மனு எழுதுகிற வேலை என்னிடம் வந்தது. எழுதினால் மட்டும் ஆகாது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். மனுவை யார் பெயருக்கு எழுத வேண்டும், நகல் யார் யாருக்குப் போட வேண்டும், கொடுத்ததற்குச் சீல் வாங்காமல் திரும்பக் கூடாது, ஒருத்தியைத் தனியாக அனுப்பக் கூடாது, முதல் தடவை ரெண்டு பேர் கூடப் போக வேண்டும், பதில் இல்லையென்றால் அடுத்த தடவை தெருவே போக வேண்டும். கடை வாசலில் இருப்புப் பலகை எழுதிப் போட வேண்டும் என்று விதி இருப்பதே எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. சங்கத்து அக்கா ஒருவர் வந்து அந்தப் பலகையை எழுத வைத்த நாளிலிருந்து எங்கள் கடையில் ‘ஸ்டாக் இல்லை’ என்கிற பேச்சு குறைந்துவிட்டது.

சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அடுப்பு எரிக்க வழியில்லாதவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. அப்புறம், மண்ணெண்ணெய்க்காகக் கூடியவர்கள் மண்ணெண்ணெயோடு நிற்கவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணை நகை பாக்கி என்று சொல்லி அடித்து வெளியே தள்ளினார்கள். ஸ்டேஷனுக்குப் போனால் குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கோங்க என்று அனுப்பிவிட்டார்கள். அது மகளிர் காவல் நிலையங்கள் வருவதற்கு முந்தைய காலம், முதல் மகளிர் காவல் நிலையம் சென்னையிலேயே 1992இல்தான் வந்தது. கணவனோ கணவன் வீட்டாரோ கொடுமை செய்தால் குற்றம் என்று 1983இலேயே தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு வந்துவிட்டது, வரதட்சணைச் சாவு தனிக் குற்றம் என்று 1986இல் இன்னொரு பிரிவும் வந்தது. நாடெங்கும் பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கியதால் வந்த சட்டங்கள் இவை. ஆனால் டெல்லியில் போட்ட சட்டம் செல்லூர் வரைக்கும் தானாக நடந்து வருமா? அதை எங்கள் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தது சங்கத்துப் பெண்கள்தான். பிரிவின் எண்ணை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போய் வாசலில் உட்கார்ந்தார்கள், புகாருக்கு ரசீது கொடுத்தால்தான் எழுந்திருப்போம் என்றார்கள். இருட்டின பிறகுதான் ரசீது வந்தது. அந்தப் பெண்ணுக்கு நகையும் பாத்திரமும் திரும்பக் கிடைத்தன, தறி ஓட்டியே தன் மகளைப் படிக்க வைத்தாள். தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று 1989இல் சட்டம் திருத்தினார்களே, அதையும் எங்கள் தெருப் பெண்கள் முதலில் கேட்டது ஒரு திண்ணைக் கூட்டத்தில்தான். பாதிப் பேர் நம்பவில்லை, அண்ணன் தம்பிக்குத் தெரிந்தால் வீட்டுப் படியேற விடமாட்டான் என்று பயந்தவர்களும் உண்டு.

ஜானகி அம்மாள் எங்கள் தெருத் திண்ணைக்கு வந்து இதையெல்லாம் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் வராமலே இதெல்லாம் நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். சட்டமன்ற உறுப்பினர் தொகுதிக்கு வந்தால்தான் வேலை நடக்கும், வராவிட்டால் நடக்காது. ஒரு கிளை உருவாகிவிட்டால் தலைவர் எந்த ஊரில் இருந்தாலும், உயிரோடு இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

அதற்கு வாச்சாத்தியே சாட்சி. ஜானகி அம்மாள் 1992 மார்ச் முதல் தேதி காலமானார். அதே வருஷம் ஜூன் 20ஆம் தேதி தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீஸும் வருவாய்த்துறையும் புகுந்து பதினெட்டுப் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள், ஊரையே சூறையாடினார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் மாதர் சங்கமும் அந்த ஊரை விடவில்லை. மைதிலி சிவராமன் போன்றவர்கள் அந்தப் பெண்களின் வாக்குமூலத்தை வெளியே கொண்டுவரப் பாடுபட்டார்கள். அரசாங்கங்கள் மாறி மாறி வந்தன, அதிகாரிகள் பதவி உயர்வு பெற்று ஓய்வும் பெற்றார்கள், வழக்கு நடந்துகொண்டே இருந்தது. 2011 செப்டம்பர் 29இல் தர்மபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் ஐம்பத்துநாலு பேர் செத்துப்போயிருந்தார்கள், மிச்சம் 215 பேருக்குத் தண்டனை. 2023 செப்டம்பர் 29இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சம்பவம் நடந்து முப்பத்தொரு வருஷம். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டுக் கேட்கிறவர்களால் மட்டும் இதைச் செய்ய முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

பதவியே வேண்டாம், சங்கம் போதும் என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். பதவியில் உட்கார்கிற பெண்ணுக்குப் பின்னால் ஒரு சங்கம் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் மதுரை பார்த்திருக்கிறது. மாதர் சங்கத்தில் வேலை செய்த லீலாவதி 1996இல் மதுரை மாநகராட்சிக்கு வில்லாபுரத்திலிருந்து உறுப்பினரானார். உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று வந்த பிறகு நடந்த முதல் தேர்தல் அது. வில்லாபுரத்தில் அப்போது தண்ணீர் என்றால் காசு, லாரிக்காரனிடமும் குழாய் வைத்திருப்பவனிடமும் குடத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து வாங்க வேண்டும். அதில் கொழித்தவர்கள் இருந்தார்கள். லீலாவதி மாநகராட்சித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தே தீருவது என்று நின்றார், மிரட்டலுக்குப் பயப்படவில்லை. 1997 ஏப்ரல் 23ஆம் தேதி பட்டப்பகலில் தெருவில் வைத்து அவரை வெட்டிக் கொன்றார்கள். குடிதண்ணீர் கேட்டதற்காக ஒரு மாநகராட்சி உறுப்பினரைக் கொன்ற ஊர் என்று மதுரைக்கு ஒரு பெயர் இருக்கிறது, அதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அந்தத் தைரியம் அவருக்கு உறுப்பினர் ஆன அன்றைக்கு வந்ததாக நான் நினைக்கவில்லை. தெருத்தெருவாகப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் அதிகாரிகளின் முன்னால் நின்ற வருஷங்களில் வந்தது அது.

சங்கமும் கட்சியின் இன்னொரு கைதானே என்று சிலர் சொல்வார்கள், என் வீட்டுக்காரரே சொல்வார். தலைவர்கள் கட்சிக்காரர்கள்தான், அதை யாரும் மறைக்கவில்லை. எங்கள் கிளையில் இரட்டை இலைக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் இருந்தார்கள், உதயசூரியனுக்குப் போடுகிறவர்கள் இருந்தார்கள், ஓட்டே போடாதவர்களும் உண்டு. நான் எந்தக் கட்சியிலும் இல்லை, என் ஓட்டு ஒரே இடத்தில் போய்க்கொண்டிருந்ததும் இல்லை. புகார் கொண்டுவந்த எந்தப் பெண்ணிடமும் நீ எந்தக் கட்சி என்று கேட்டு நான் பார்த்ததில்லை. சந்தா கட்டினால் உறுப்பினர், உறுப்பினர் என்றால் பேசலாம். பெரிய கட்சிகளின் மகளிர் அணிகளைப் பாருங்கள். தலைவர் வரும்போது ஆரத்தி எடுக்கவும் ஒரே நிறச் சேலையில் வரிசையாக நிற்கவும் கூப்பிடுகிறார்கள், அந்தப் பெண்களிடம் திறமை இல்லாமல் இல்லை, அதற்கு வேலை கொடுக்கத்தான் ஆள் இல்லை. பிரச்சினை என்று ஒருத்தி அந்த அணியிடம் போனால் அண்ணனைப் பாருங்கள் என்று யாரோ ஒரு ஆண் நிர்வாகியிடம்தான் அனுப்புகிறார்கள்.

சங்கத்தின் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. இன்றைக்கு எங்கள் தெருவில் கிளை இல்லை. தறி குறைந்தது, பெண்கள் ஜவுளிக்கடைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறார்கள், ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறவளை எந்தத் திண்ணைக்குக் கூப்பிடுவது? அந்தக் காலத்துக் கூட்ட நேரத்தையே வைத்துக்கொண்டு யாரும் வரவில்லை என்று சொல்லிப் பயனில்லை. ஜானகி அம்மாள் காலத்தில் பெண்கள் ரேஷன் வரிசையில் நின்றார்கள், சங்கத்துக்காரர்கள் அந்த வரிசைக்கே போனார்கள். இன்றைக்குப் பெண்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே போக ஆள் வேண்டும்.

இதை இப்போது எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்ற மசோதா முதலில் 1996இல் வந்தது, இருபத்தேழு வருஷம் கழித்து 2023 செப்டம்பரில் நிறைவேறியது. அப்போதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் அமல் என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தே வைத்தார்கள். 2021 தேர்தலில் நம் சட்டமன்றத்துக்கு 234 பேரில் பன்னிரண்டு பெண்கள்தான் போனார்கள். மூன்றில் ஒரு பங்கு வந்தால் எழுபத்தெட்டு இடம். அத்தனை பேர் எங்கிருந்து வருவார்கள்? உள்ளாட்சியில் இப்போது பாதி இடம் பெண்களுக்கு, ஆனால் எத்தனை ஊராட்சியில் தலைவியின் நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருக்கிறார் என்று உங்கள் நிருபர்களுக்கே தெரியும், நீங்களே படத்தோடு செய்தி போட்டிருக்கிறீர்கள். அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனுவுக்குச் சீல் வாங்கி, ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து, பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழகுகிற இடம் அவர்களுக்கு எங்கே கிடைத்தது? தேர்தலில் தோற்ற, பதவி முடிந்த பெண் அரசியல்வாதிகள் மதுரையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் அடுத்த சீட்டுக்குக் காத்திருக்கிற ஐந்து வருஷத்தில் ஒரு தெருவிலாவது பத்துப் பெண்களைச் சேர்த்து உட்கார வைக்கலாம். ஜானகி அம்மாள் ஐம்பத்துநாலு வயதுக்கு மேல்தான் அதைத் தொடங்கினார்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஜானகி அம்மாளைப் பற்றி அடுத்து எழுதும்போது 1971க்குப் பிறகான வருஷங்களை எழுதுங்கள், அதற்கு ஒரு நிருபரை ஒதுக்குங்கள். எழுபதுகளில் சங்கத்தில் சேர்ந்த பெண்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது ஆகிறது. அவர்களில் பல பேருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும், தாங்களாக எதையும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். கிளைகளின் மினிட் நோட்டுகள் எந்தப் பரணில் கிடக்கின்றனவோ, கரையான் அரித்ததோ, பழைய பேப்பர்க்காரனிடம் போனதோ. கணக்கெழுதிய அனுபவத்தில் சொல்கிறேன், நோட்டு போய்விட்டால் வேலை நடந்ததற்கே ஆதாரம் போய்விட்டது. செல்லூர், வில்லாபுரம், அரசரடி, துவரிமான் என்று நாலு இடம் போய் விசாரித்தாலே உங்கள் ஞாயிறு பக்கங்கள் போதாது.

செல்லூரில் அப்படிப்பட்டவர்கள் ரெண்டு பேரை எனக்கு நன்றாகத் தெரியும், ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார், பேச ஆரம்பித்தால் தேதியோடு சொல்வார். நிருபரை அனுப்பினால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன். காலையில் வேண்டாம், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற அவசரத்தில் இருப்பார்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
செல்லூர், மதுரை.